அந்தரத்துக்கு விற்ற காணி: ஒத்தியிலிருந்து ஷோர்ட் சேல் வரை

இப்ப கொஞ்ச நாளாய் எங்கட பெடியளின்ர கதையில் அடிக்கடி வாற ஒரு சொல் 'ஷோர்ட் சேல்'. யூடியூபில் அமெரிக்காக்காரர் யாராவது வெள்ளைப் பலகைக்கு முன்னால நின்று, "கையில் காசு இல்லாமலே காணி, வீட்டு வியாபாரத்தில் இறங்கலாம்" என்று சொல்லித் தருவார். அதைப் பார்த்துவிட்டு "இதை இங்க யாழ்ப்பாணத்தில் செய்ய ஏலாதா மச்சான்?" என்று கேட்கிற ஆக்கள் எங்கட பீடத்திலயும் இருக்கினம். நல்ல கேள்விதான். ஆனால் அதுக்குப் பதில் வியாபாரப் பாடத்தை விட வரலாற்றுப் பாடத்தில்தான் கூட இருக்கு என்பது என்ர எண்ணம்.

முதலில் சொல்லை விளங்கிக்கொள்வம். ஒருவர் வங்கியில் கடன் எடுத்து வீடு வாங்குகிறார். பிறகு வீட்டு விலை விழுந்துபோகுது. வங்கிக்குக் கட்ட வேண்டியது 80 இலட்சம், வீட்டைச் சந்தையில் விற்றால் வாறது 60 இலட்சம் என்று வைப்பம். அவராலே தவணையும் கட்ட முடியேல்லை. வங்கி வழக்குப் போட்டு, வீட்டைப் பறித்து, ஏலம் விட்டுக் காசாக்கிறதுக்குக் காலமும் செலவும் பிடிக்கும். அதனால் "சரி, வாற காசைத் தாங்கோ, ஈட்டை விடுவிக்கிறம்" என்று வங்கி சம்மதிக்குது. கடனுக்குக் குறைவான காசில் முடிகிற விற்பனை என்பதால் அது ஷோர்ட் சேல். 2006க்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தபோது இது பெரிய அளவில் நடந்தது. 2010இல் இதை ஒழுங்குபடுத்த அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது. எங்கட ஆக்கள் நிறைய வாழ்கிற கனடாவின் ஒன்ராறியோவில் 'பவர் ஒஃப் சேல்' என்ற வேறொரு முறை இருக்கு. அதில் கடன் கொடுத்தவரே வீட்டை விற்பார். மிச்சம் வந்தால் வீட்டுக்காரருக்கு; குறைந்தால் அந்தக் குறையும் வீட்டுக்காரரின்ர தலையில்.

அப்ப இதில் மூன்று பேர் இருக்கினம்: அந்தரப்பட்டு விற்கிறவர், கடன் கொடுத்தவர், மலிவாய் வாங்குகிறவர். இந்த மூன்று பேரும் யாழ்ப்பாணத்துக்குப் புதியவர்கள் இல்லை. பெயர்தான் வேறு.

ஒற்றி என்ற பழைய கணக்கு

யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், இங்கத்தைய வழக்கங்களை எழுத்தில் தொகுத்து முடித்தது 1707இல். ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி அது நடந்தது. பிறகு அது தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலிமார் பார்த்துச் சரி என்று ஒப்பமிட்டார்கள். அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் வந்த பிறகு 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் அதற்குச் சட்ட வலு கொடுத்தது. இண்டைக்கும் அதன் பகுதிகள் எங்கட நீதிமன்றங்களில் உயிரோடதான் இருக்கு.

தேசவழமையில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் ஒற்றி. ஊரில் 'ஒத்தி' என்று சொல்லுவினம். காசு தேவைப்படுகிறவர் தன்ர காணியை இன்னொருவரிடம் ஒப்படைத்துக் காசு வாங்குவார். காசு கொடுத்தவர் வட்டி கேட்க ஏலாது. அந்தக் காணியின் விளைச்சல்தான் வட்டி. நெல்லோ புகையிலையோ பனையோ தென்னையோ, வருவதை அவர் எடுக்கலாம். காணிக்காரர் எப்ப முதலைத் திருப்பிக் கொடுக்கிறாரோ, நின்ற பயிரை எடுத்த பிறகு காணி திரும்பும்.

இதை இப்பத்தைய கண்ணால் பாருங்கோ. தாத்தா 500 ரூபாய்க்கு ஒற்றி வைத்தால், 20 வருடம் கழித்துப் பேரன் மீட்கப் போனாலும் கொடுக்க வேண்டியது அதே 500தான். காலம் போகப் போகக் கடன் வளராது. கடன் வளர்ந்து காணியின் விலையைத் தாண்டுகிறது என்ற ஷோர்ட் சேல் நிலைமை ஒற்றியில் லேசில் வராது. வட்டிக்குக் கொடுக்கிற கடனுக்கும் தேசவழமை ஒரு எல்லை போட்டது: வட்டி முதலைத் தாண்டக்கூடாது.

ஒற்றியைப் பொற்காலம் ஆக்க நான் வரேல்லை. முதல் கையில் சேராத குடும்பத்துக்குக் காணி தலைமுறை தலைமுறையாய் மற்றவர் கையில்தான் இருந்தது. தன்ர காணியிலேயே கூலிக்குக் கொத்தின கதைகளும் ஊரில் இருக்கு. ஆனால் 'மீட்கலாம்' என்ற கதவு பூட்டப்படேல்லை. ஒற்றிக்கும் அறுதிக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கதவுதான். அறுதி என்றால் அறுந்துபோனது, திரும்பாது.

முதலில் ஆருக்குச் சொல்ல வேணும்?

தேசவழமையில் இன்னொரு விஷயம் முன்விலைக் கொள்வனவு உரிமை. காணியை விற்க நினைக்கிறவர் முதலில் தன்ர உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அந்தக் காணியை ஒற்றியாய் வைத்திருக்கக்கூடிய அயல்காணிக்காரருக்கும் சொல்ல வேணும். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாருக்கு. ஒல்லாந்தர் காலத்தில் விற்கிற எண்ணத்தைத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டியிருந்தது.

இதின்ர பயன் விளங்குதுதானே. அந்தரத்தில் இருக்கிற ஆளை ஒருவர் இரவோட இரவாய்ப் பிடித்து அரைவிலைக்குக் கையெழுத்து வாங்க ஏலாது. மூன்று கிழமை ஊருக்கே தெரியும். மாமனோ சகோதரமோ "பொறு, நான் தாறன்" என்று வர இடம் இருக்கு.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். இதே உரிமைதான் காணியை ஒரு சில குடும்பங்களின், ஒரு சில சாதிகளின் கைக்குள்ளேயே சுற்ற வைத்தது. மற்றவரின் காணியில் குடியிருந்து, தலைமுறையாய் உழைத்து, காசு சேர்த்து, ஒரு துண்டு வாங்க வந்த ஒடுக்கப்பட்ட மனிதருக்கு முன்னால் "பங்காளி கேட்கிறார்" என்ற சொல் மதிலாய் நின்றது. ஆளைக் காப்பாற்றின அதே வழக்கம் ஆளைத் தள்ளியும் வைத்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இந்த உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும், விற்பவர் விருப்பாவணம் இல்லாமல் இறந்தால் உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கியது. அயலாருக்கு இருந்த உரிமை அத்தோட போய்விட்டது.

உறுதியும் வட்டியும்

ஆங்கிலேயர் காலத்தில் மாறியது கடனின் வடிவம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டம் வந்த பிறகு காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னால் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். ஊர் சாட்சி பின்னுக்குப் போக, உறுதி முன்னுக்கு வந்தது. ஒற்றியோட கூடவே ஈடும் பரவியது. ஈட்டில் காணி சொந்தக்காரரின் கையிலேயே இருக்கும், வட்டி தனியாய் ஏறும். பார்க்கச் சுகமான ஏற்பாடு. விளைச்சல் பிழைத்தால்தான் அதின்ர பல் தெரியும்.

குடாநாட்டின் காசு அப்ப இரண்டு வழியில் வந்தது. ஒன்று திருவிதாங்கூருக்குப் போன புகையிலை. மற்றது மலாயாவில் எழுதுவினைஞராய், புகையிரத நிலையத்தில், அளவைத் திணைக்களத்தில் வேலை செய்தவர்கள் அனுப்பின காசு. மலாயாப் பென்ஷன்காரர் கட்டின வீடுகள் இண்டைக்கும் எங்கட ஊர்களில் நிற்குது. அந்தக் காசு காணி விலையை ஏற்றியது. உழுகிறவரால் வாங்க ஏலாத அளவுக்கு ஏற்றியது. இப்ப வெளிநாட்டுக் காசு செய்கிற வேலையை அப்ப மலாயாக் காசு செய்தது.

1929இல் தொடங்கின உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை, இறப்பர், தேங்காய் விலைகள் விழ, இலங்கை முழுக்கக் காணி மேல கடன் எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வெளிநாட்டு வங்கிகளிடம் அவர்கள் காசு எடுத்து, அந்த வங்கிகள் ஏறெடுத்தும் பார்க்காத உள்ளூர்க்காரருக்குக் கொடுத்தார்கள். நிலைமையை ஆராயப் பொச்கானாவாலா தலைமையில் வந்த வங்கி ஆணைக்குழு 1934இல் அறிக்கை கொடுத்தது. அதின்ர தொடர்ச்சியாய்த்தான் 1939இல் இலங்கை வங்கி பிறந்தது.

இந்த இடத்தில் பர்மாவைப் பார்க்காமல் போக ஏலாது. 'விலை விழுந்த நேரம் காணி சேர்க்கிறது' என்ற கனவின் முழுக்கதையும் அங்க இருக்கு. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது ஏறத்தாழ 6 வீதக் காணி. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பேல்லை, ஈடாய் வைத்த வயல்கள் வந்து சேர்ந்தன. 1938 அளவில் அது 25 வீதம். அவர்கள் வயலுக்கு ஆசைப்பட்டு வாங்கேல்லை. அவர்களுக்கு வேண்டியது காசு. காசுக்குப் பதிலாய் வயல் வந்தது. ஆனால் பர்மிய விவசாயியின் கண்ணுக்குத் தெரிந்தது என்ன? தன்ர தகப்பன் காடு வெட்டித் திருத்தின வயல் வெளியாளின் பெயரில் இருக்கு என்பது. 1942இல் ஜப்பானியர் வர, செட்டியார்கள் ஓடினார்கள். 1948இல் சுதந்திர பர்மா காணித் தேசியமயமாக்கல் சட்டம் கொண்டுவந்தது. மலிவாய்ச் சேர்ந்த அத்தனையும் ஒரு தலைமுறைக்குள் கையை விட்டுப் போனது.

யுத்தம் போட்ட விலை

1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சரியாய் ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் முழுவதும் செம்மணி, நாவற்குழி வழியாய்த் தென்மராட்சிக்கு நடந்தது. இரண்டும் ஒரே திகதி. நாங்கள் இரண்டாவதைப் பற்றி நிறையக் கதைக்கிறம். முதலாவதைப் பற்றிக் கதைக்கிறது குறைவு.

காணி வரலாற்றில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேணும். புத்தளம் முகாம்களில் இருந்த ஆக்கள் சமாதான காலத்தில் திரும்பி வந்து பார்த்தபோது, பல வீடுகளில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. திருத்தக் காசு இல்லை. திரும்பி இருக்கலாம் என்ற நம்பிக்கையும் இல்லை. சோனகதெருப் பக்கம் கன காணிகள் அப்படித்தான் கைமாறின. உறுதி சரி, கையெழுத்துச் சரி, காசும் கொடுபட்டது. ஆனால் விலையைத் தீர்மானித்தது சந்தையா, பயமா? வங்கிக் கடன் ஒன்றும் இல்லாமலே நடந்த ஷோர்ட் சேல் என்று நான் இதைச் சொல்லுவன். விற்றவருக்குக் குறைந்த காசின் மிச்சம் எங்க போனது என்று கேட்டால், பதில் எங்கட மதில்களுக்குள்ளதான் இருக்கு.

இதைச் சட்டமும் ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் 10 வருடம் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிராய் ஒரு காணியை ஆண்டால் உரிமை கோரலாம். யுத்தத்தில் ஓடினவர் 10 வருடம் எப்படி வந்து தடுப்பார்? அதனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தன்ர உரிமையைக் காக்க ஏலாமல் போனவருக்கு எதிராய், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்ற வகையில் ஒரு பாதுகாப்புக் கொடுத்தது.

விற்கக்கூட ஏலாத காணிகளும் இருந்தன. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகளில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க 2013இல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. உறுதி கையில், காணி வேலிக்கு அங்கால. கொஞ்சம் கொஞ்சமாய் விடுபட்டாலும் இன்னும் முழுக்க முடியேல்லை.

பராட்டே என்ற ஏலம்

இப்பத்தைய கதைக்கு வருவம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் வங்கிகளுக்கு ஒரு பெரிய ஆயுதம் கொடுத்தது. ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே, வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு, வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்து ஏலம் விடலாம். 'பராட்டே' என்ற பெயர் ஒல்லாந்தச் சட்டத்தின் மிச்சம். முதல் 50 இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இதைப் பாவிக்க ஏலாது என்று பின்னர் திருத்தம் வந்தது.

2022 ஏப்ரல் 8, மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் ஏற்றியது. கடை, அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, விடுதி என்று கடன் எடுத்தவர்களின் தவணை எகிறியது; வியாபாரமோ இல்லை. ஏல அறிவித்தல்கள் பத்திரிகைப் பக்கங்களை நிரப்ப, சிறு தொழில் முயற்சியாளர் போராடினார்கள். 2024இல் பாராளுமன்றம் பராட்டே ஏலத்தை அந்த வருடம் டிசம்பர் 15 வரை நிறுத்தி வைத்தது. பிறகு அது 2025 மார்ச் 31 வரை நீண்டது. அதாவது 1707இல் மூன்று ஞாயிறு கொடுத்த 'பொறு' என்ற சொல்லைத்தான் 2024இல் பாராளுமன்றமும் சொன்னது.

இதைவிடப் பயங்கரமான ஒன்று சத்தமில்லாமல் நடக்குது. கடன் கொடுக்கிற தனியார் ஈடு எழுதாமல், அறுதி உறுதியே எழுதி வாங்குகிறது. "காசைத் தந்தால் திருப்பி எழுதித் தருவன்" என்ற வாய்ச்சொல்லோடு. 20 இலட்சம் கடனுக்கு 1 கோடி பெறுமதியான வளவு போகும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இதில் விற்றவருக்குக் கை கொடுக்கலாம்: அனுபவிக்கும் உரிமையையும் கொடுக்கிற எண்ணம் உண்மையில் இருந்ததா என்று சூழ்நிலையைப் பார்த்து நீதிமன்றம் கேட்கும். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறதுக்கு வருடக்கணக்கில் வழக்காட வேணும்.

அப்ப ஆரம்பிக்கலாமா?

கேட்ட ஆக்களுக்கு என்ர பதில்: ஆரம்பிக்கலாம். ஆனால் வீடியோவில் சொல்லாத சில விஷயங்கள் இங்க இருக்கு.

யாழ்ப்பாணத்துக் காணி என்றது பரப்புக் கணக்கு மட்டும் இல்லை. 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று தெரிந்தால் போதாது. அந்த 2 பரப்புக்கு எத்தனை பங்காளி என்று தெரிய வேணும். ஒருவர் பரிசில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் எங்க என்றே தெரியாது. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடப் பதிவைத் தோண்டிப் பாருங்கோ. வெளிநாட்டு அற்றோணித் தத்துவத்தில் விற்பனை என்றால், அதைக் கொடுத்தவர் உயிரோட இருக்கிறாரா என்று பாருங்கோ; அவர் போனால் தத்துவமும் போனது. கூட்டுச் சொந்தக்காரருக்கு அறிவிக்காமல் வாங்கினால் முன்விலைக் கொள்வனவு வழக்கு வரலாம். தேசவழமைக்குட்பட்ட திருமணமான பெண் தன்ர அசையாச் சொத்தை விற்க, 1911ஆம் ஆண்டின் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். கணவனுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண், தன்ர சீதனக் காணியை விற்க மாவட்ட நீதிமன்றம் போய் நிற்க வேணும். 'மலிவாய் வருது' என்று தரகர் சொல்லுகிற காணிக்குப் பின்னால இப்படி ஒரு பெண் நிற்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. ஷோர்ட் சேலில் உண்மையாய் நல்ல ஒரு விஷயம் இருக்கு. அது மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து கதைக்கிற விற்பனை. ஏலத்துக்கு முதல் வங்கியிடம் போய் வட்டியில் கழிவு கேட்டு, வாங்குகிறவர் கடனை நேராய் வங்கிக்குக் கட்டி, ஈட்டு மீட்பும் விற்பனை உறுதியும் ஒரே நாளில் எழுதி, மிஞ்சுகிறதை விற்கிறவரின் கையில் கொடுக்கலாம். இதை இங்கயும் செய்யலாம். சில நொத்தாரிசுமார் செய்விக்கினம். ஏலத்தில் போனால் அவமானமும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு, இது மானத்தோடு வெளியே வருகிற வழி. வாங்குகிறவருக்கும் வில்லங்கம் இல்லாத உறுதி. இந்த வேலையைச் சரியாய்ச் செய்யத் தெரிந்த இளம் ஆக்கள் எங்கட ஊருக்கு உண்மையிலேயே தேவை.

இரண்டுக்கும் இடையில் உள்ள கோடு எது என்று கேட்டால், என்னட்ட ஒரு எளிய கேள்விதான் இருக்கு: இந்த விலையை விற்கிறவரின் சகோதரத்துக்கு முன்னால வைத்துச் சொல்ல உங்களாலே ஏலுமா? மூன்று ஞாயிறு சபையில் வாசிக்க ஏலுமா? ஏலும் என்றால் அது வியாபாரம். ஏலாது என்றால், உறுதி எவ்வளவு சுத்தமாய் இருந்தாலும் அது வேறு ஒன்று.

எங்கட பெரும்பாலான வீடுகளில் அலுமாரிக்குள் ஒரு பழைய உறுதிக் கட்டு இருக்கும். நேரம் கிடைக்கேக்க எடுத்து வாசியுங்கோ. எந்த வருடம் வாங்கினது, ஆரிட்ட, எவ்வளவுக்கு என்று பாருங்கோ. 1931, 1942, 1991, 1996, 2003 போன்ற வருடங்கள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நிற்கவும். விற்றவரின் பெயருக்குப் பக்கத்தில் விலை இருக்கும். ஏன் விற்றார் என்பது இருக்காது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதும் வரலாறு படிக்கிற எங்கட வேலைதான்.